குறைமாதப் பிள்ளைக்குப் பால் செரிக்கலன்னா நிறுத்தணுமா?

அம்பை அப்பா:
எம் பிள்ளை 30 வாரத்துல பிறந்துட்டு, 1,200 கிராம். பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில வச்சிருக்காவ. நேத்து குழாய் வழியா 2 மில்லி தாய்ப்பால் விட்டாவ. அடுத்த வேளைக்கு உறிஞ்சிப் பாத்தா 1 மில்லி வெள்ளையாத் திரும்பி வந்துட்டு. டாக்டரம்மா தொடரலாம்ங்காவ. எனக்கு மனசு ஒப்பல. டிரிப்ஸ் ஓடுதுல்லா, ஒரு வாரம் குடலுக்கு ஓய்வு குடுத்தா என்ன?

தென்காசிக்காரன்:
நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க அக்கா பிள்ளைக்கு இப்படித்தான் குடுத்துக்கிட்டே இருந்தாவ. வயிறு ஊதி, குடல் அழுகி, ஆபரேஷன் வரைக்கும் போச்சு.

பாளை நர்ஸ்:
தம்பி, அக்கா பட்ட பாடு எனக்குப் புரியுது. அந்த நோயை வார்டுல நான் பாத்திருக்கேன். ஆனா பட்டினி போட்டா அது வராதுன்னு இல்ல. பால் படாத குடலோட உள்சுவர் மெலிஞ்சு போகும். டிரிப்ஸ் நாள் கூடக்கூட ரத்தத்துல கிருமி ஏற வழி. 30 வாரத்துல வயிறு மெதுவாத்தான் காலியாகும், 1 மில்லி வெள்ளைப்பால் மட்டும் நிறுத்தக் காரணம் ஆகாது. பச்சையா வந்தாலோ, வயிறு விம்மினாலோ, மலத்துல ரத்தம் கண்டாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உடனே நிறுத்திருவோம். அக்கா பிள்ளைக்குக் குடுத்தது தாய்ப்பாலா தம்பி?

தென்காசிக்காரன்:
இல்ல, பவுடர் பால். அக்காவுக்குச் சுரக்கல. ஆனா மளமளன்னு அளவைக் கூட்டினதும் தப்புதானே?

பாளை நர்ஸ்:
பவுடர் பால்ல அந்த ஆபத்து கூடுதல். நாங்க சீம்பாலுக்குக் கெஞ்சுறது அதுக்குத்தான். வேகத்தைப் பத்தி பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் சுமார் 2,800 பிள்ளைகள்ட்ட பாத்து 2019-ல வெளியிட்டாவ. கிலோவுக்கு நாளுக்கு 18 மில்லி கூட்டினாலும் 30 மில்லி கூட்டினாலும் அந்தக் குடல் நோய் வர்றதுல பெரிய வித்தியாசம் இல்ல. அண்ணாச்சி பிள்ளைக்கு 30-னா நாளுக்கு 36 மில்லி, ரெண்டு மணிக்கொருக்கா 3 மில்லிதான் கூடும்.

தென்காசிக்காரன்:
கணக்கு சரியா இருக்கலாம். அந்த வயித்தைப் பாத்தவன் நான். மெதுவாவே கூட்டச் சொல்லுங்க.

பாளை நர்ஸ்:
மெதுவாக் கூட்டட்டும், அது டாக்டர் முடிவு. அடியோட நிறுத்தச் சொல்லாதீங்கன்னுதான் சொல்லுதேன்.

அம்பை அப்பா:
அக்கா, எங்க அத்தை சேனை தொட்டு வைக்கணும், கழுதைப்பால் ஒரு சங்கு குடுக்கணும்ங்காவ.

பாளை நர்ஸ்:
ரெண்டும் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. காய்ச்சாத பால்ல இருக்க கிருமியை இந்தப் பிள்ளை தாங்காது. மதினியை நாளுக்கு எட்டு தடவையாவது, ராத்திரியும் சேத்து, பாலைப் பீச்சச் சொல்லுங்க. டாக்டர் சரின்னா பிள்ளையை அவங்க வெறும் நெஞ்சுல சாத்தி வைக்கட்டும், பாலும் ஊறும்.

அம்பை அப்பா:
காலையில 4 மில்லி பீச்சினா, இவ்வளவுதானான்னு அழுதா. ரெண்டு வேளைக்கு ஆகும்லா அக்கா? அவகிட்ட இப்பவே போய்ச் சொல்லுதேன்.