முற்றத்துப் பாசியும் பிரஷர் வாஷரும்: வாங்கிப் பட்டவர்கள் சொல்வது

தக்கலை பக்கத்திலிருந்து

எங்கள் வீடு தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. முற்றம் முழுக்க இன்டர்லாக் கல். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஐப்பசி மழை ஓயும்வரை அந்தக் கல் சரியாகக் காய்வதே கிடையாது. முதலில் பச்சையாகப் படரும் பாசி, கார்த்திகை வரும்போது கறுத்துக் கல்லோடு கல்லாகிவிடும். போன ஆண்டு கொடியில் துணி எடுக்கப் போன அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ப்ளீச்சிங் பவுடர் தூவி ஈர்க்கு வாரியலால் தேய்ப்பது இரண்டு வாரம் தாங்கும், அவ்வளவுதான். அதனால்தான் தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வாங்க முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது தவறான மெஷின். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தவறு. பெட்டியில் பெரிய எழுத்தில் 150 பார் என்று இருந்தது, பார் என்பது அழுத்தத்தின் அளவு. பக்கத்தில் இருந்த இன்னொன்றில் 110. விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதிகம் இருப்பதை எடுத்தேன். அதே பெட்டியில் நிமிடத்துக்கு 8 லிட்டர், மோட்டார் 1400 வாட் என்றும் போட்டிருந்தது.

இந்த மூன்று எண்ணும் ஒன்றாக இருக்கவே முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. பாரை லிட்டரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால், தண்ணீரைத் தள்ளத் தேவையான சக்தி கிலோவாட்டில் வரும். 150 ஐ 8 ஆல் பெருக்கினால் 1200, அதை 600 ஆல் வகுத்தால் 2 கிலோவாட். 1.4 கிலோவாட் இழுக்கும் மோட்டார் 2 கிலோவாட் எப்படித் தரும்? வீட்டுக்கு வந்து 20 லிட்டர் வாளியிலிருந்து உறிஞ்ச விட்டுப் பார்த்தேன். வாளி காலியாக நான்கு நிமிடம் ஆனது. அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டர்.

பாசியைப் பெயர்ப்பது அழுத்தம். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. என் மெஷினில் கல்லில் கோடு கோடாக வெள்ளை விழுந்தது, ஆனால் அழுக்குச் சேறு அங்கேயே நின்றது. ஒரு ஓரத்தை முடித்துவிட்டுத் திரும்பினால் முதலில் கழுவிய இடத்தில் மறுபடியும் சேறு. 25 நிமிடம் ஓட்டியதும் மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இப்போது வேறு வாங்க வேண்டும். வைத்திருப்பவர்கள் பட்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணே, நான் வயரிங் வேலை செய்கிறேன். கருகல் வாடை வந்தது என்றால் உங்களுடையது கார்பன் பிரஷ் மோட்டாராக இருக்கும். மிக்ஸியில் இருக்கிற அதே வகை. சின்னதாக, எடை குறைவாக, விலை மலிவாகச் செய்யலாம். ஆனால் சத்தம் அதிகம், நீண்ட நேரம் தாங்காது. அடுத்தது இண்டக்‌ஷன் மோட்டார். கிணற்று மோட்டார் மாதிரி கனமாக இருக்கும், சத்தமும் கம்மி. கடையில் இரண்டையும் தூக்கிப் பாருங்கள், கையே சொல்லிவிடும். காரும் பைக்கும் மட்டும் கழுவுபவர்களுக்குப் பிரஷ் மோட்டார் போதும். முற்றம், மதில், மொட்டை மாடி என்று மணிக்கணக்கில் ஓட்டுபவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து இண்டக்‌ஷன் வாங்குங்கள்.

அப்புறம் பிளக். போன மாதம் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். வராந்தாவில் இருந்த சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் செருகி வாஷர் ஓட்டியிருக்கிறார்கள். பிளக் முகம் உருகி மஞ்சளாகி, பின் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டது. 1800 வாட் மெஷின் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாது என்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போடுங்கள், சுருட்டி வைத்தபடி ஓட்டாமல் முழுக்க விரித்துவிடுங்கள். ஈரத் தரையில் நின்று கரண்டு மெஷின் பிடிக்கிற வேலை இது. கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி இல்லாத வீட்டில் முதலில் அதைப் போட்ட பிறகு வாஷர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

முட்டத்திலிருந்து

எங்கள் வீட்டின் கடல் பார்த்த பக்கத்தில் ஆயினிப் பலகையில் ஒரு தளம் போட்டிருக்கிறோம். வருகிறவர்கள் சாயங்காலம் உட்காரும் இடம். உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து ஒரே ஆண்டில் பலகை சாம்பல் நிறமாகி, இடுக்கெல்லாம் பாசி பிடித்தது.

ஆயினி கெட்டி மரம், வள்ளமே அதில்தான் கட்டுவார்கள், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். தண்ணீர் வெளிவரும் முனையான நாசிலில், ஈட்டி போலப் பாயும் குறுகியதை வைத்து ஒரு சாண் தூரத்தில் அடித்தேன். சாம்பல் நிறம் போய் உள்ளே தேன் நிறம் வந்தபோது பெரிய சந்தோஷம். மறுநாள் காய்ந்ததும் போய்ப் பார்த்தால் பலகை முழுக்க நார் நாராக எழுந்து நிற்கிறது. உள்ளங்கையை வைத்துத் தடவ முடியவில்லை, சிராய் ஏறுகிறது. நாசிலை ஓர் இடத்தில் நிறுத்திய இடங்களில் விரல் நுனி அகலத்துக்குப் பள்ளம். ஆசாரி இரண்டு நாள் இழைத்துத்தான் சரி செய்தார்.

இப்போது மரத்துக்கு 40 டிகிரி விரியும் வெள்ளை நாசில் மட்டும்தான். சிவப்பு நாசில் 0 டிகிரி, அதை மரத்தின் பக்கமே கொண்டுபோக மாட்டேன். மஞ்சள் 15, பச்சை 25, கறுப்பு சோப்புத் தண்ணீருக்கு. ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, மர ரேகை போகிற திசையிலேயே, கையை நிறுத்தாமல் வீச வேண்டும். வாங்கும்போது நாசில்கள் தனித்தனியாக வருகிறதா, அல்லது திருகி அகலத்தை மாற்றுகிற ஒரே குழலா என்று பாருங்கள். மரம் கழுவுபவர்களுக்கு அது 150 பாரைவிட முக்கியம்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மாத மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் மெஷினையும் நல்ல தண்ணீரில் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நான் மெஷினை வெளியே கீற்றுக் கொட்டகையில் வைத்தேன். ஆறே மாதத்தில் இணைப்புகள் இறுகிக் கழற்ற முடியவில்லை. பம்பின் தலை அலுமினியமா பித்தளையா என்று கேட்டு வாங்குங்கள். நம் காற்றுக்குப் பித்தளைதான் நிற்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாடித் தொட்டியிலிருந்து முற்றத்துக் குழாய்க்கு வரும் அழுத்தம் மிகவும் குறைவு. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார். ஒரு மாடி வீட்டில் அரை பார்கூட வராது. என் மெஷினுக்கு அது போதாமல் உள்ளே சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டது. மெஷின் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் பற்றாமல் பம்ப் தவிக்கிற சத்தம் என்றார்கள். அதற்குப் பிறகு 200 லிட்டர் டிரம்மில் நிரப்பி, டிரம்மைத் திண்ணை மேல் வைத்து, மெஷினைக் கீழே வைத்து ஓட்டுகிறேன். வாளியிலிருந்து தானே உறிஞ்சும் வசதி உள்ளதா என்று வாங்கும்போதே கேளுங்கள், உறிஞ்சும் குழாயின் நுனியில் ஃபில்டர் அவசியம். போர்வெல் தண்ணீரில் செம்படிவு வரும் வீடுகளில் முந்தின நாளே டிரம்மில் தெளியவிட்டு, அடி வண்டலைத் தொடாமல் எடுங்கள்.

குழித்துறையிலிருந்து

நான் மெஷின் வாங்குவதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. என் தம்பி ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மதில் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் பீய்ச்சும் கன் கை மாறியபோது தண்ணீர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பட்டது. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் படுத்தான். ராத்திரிக்குள் பாதம் வீங்கிப்போனது. அழுக்குத் தண்ணீர் தோலைத் துளைத்துச் சதைக்குள்ளே போயிருக்கிறது, வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உடனே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கீறித் திறந்து கழுவினார்கள். தயவுசெய்து கம் பூட்ஸ் போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, தண்ணீரை மூடி, கன்னை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியே விடுங்கள். பட்டுவிட்டால் புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் வாஷர் பட்டது என்று சொல்லுங்கள்.

பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் கூரையில் இதை அடிக்காதீர்கள். கீழே நின்று மேல்நோக்கி அடித்தால் தண்ணீர் ஓட்டின் அடுக்குக்குள் ஏறி அறைக்குள் கொட்டுகிறது. எங்கள் வீட்டில் நெல் வைக்கும் பத்தாயம் வரை நனைந்தது.

மறுபடியும் தக்கலையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. குழித்துறைச் சகோதரி, தம்பிக்கு இப்போது சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் பதிவைப் படித்த அன்றே பூட்ஸ் வாங்கினேன்.

இண்டக்‌ஷன் மோட்டார், பித்தளைத் தலை, 1800 வாட், நிமிடத்துக்கு 7 லிட்டர் உள்ளதாக எடுத்தேன். அதிகபட்ச அழுத்தம் என்று பெட்டியில் போடுவதை விட்டுவிட்டு, வேலை அழுத்தம், அதாவது ஓடும்போது தொடர்ந்து வரும் அழுத்தம், எவ்வளவு என்று கேட்டேன். 100 பார். கணக்குப் போட்டால் 1.2 கிலோவாட்டுக்குள் வருகிறது, நம்பலாம். கன்னை விட்டதும் மோட்டார் தானே நிற்கிறது. தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கனம், ஆனால் சக்கரம் இருக்கிறது.

முற்றம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. பச்சை நாசில், ஓர் அடி தூரம், வாசலிலிருந்து சரிவு போகிற பக்கமாக. சேறு நிற்காமல் ஓடிப் போனது. ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கற்களுக்கு இடையில் இருந்த மணலும் சேர்ந்து போய்விட்டது, ஒரு கல்லை மிதித்தால் பக்கத்துக் கல் ஆடியது. இரண்டு நாள் காயவிட்டு, சலித்த எம்-சாண்டைப் பரப்பி, அம்மா ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக வாரியலால் இடுக்கில் தள்ளி நிரப்பினோம். இன்டர்லாக் போட்டவர்கள் மெஷின் வாங்குகிற அன்றே இரண்டு மூட்டை மணலும் வாங்கி வையுங்கள்.