பிரீசெட் போட்டதும் கழுத்திரு செம்பாகிப் போச்சு: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

வளவுத்தூண்

சாந்திக் கல்யாணப் படம், அதாவது அறுபதாம் கல்யாணம். வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) உட்கார்த்தி எடுத்தது, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமித்தது), எக்ஸ்போஷரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது எல்லாரும் லைட்ரூம் மென்பொருளில் போடுகிற பிரவுன் டோன் பிரீசெட்டை (சேமித்து வைத்த திருத்தங்களின் தொகுப்பு) தட்டியதும் ஆச்சி முகம் நன்றாகத்தான் வந்தது. கழுத்துக்கு இறங்கினால், கழுத்திரு (நகரத்தார் கல்யாணத்தில் பூட்டும் தங்கத் தாலி) செம்பில் செய்து போட்ட மாதிரி. பின்னால் வாழை மரம் பத்து நாள் தண்ணீர் காணாத நிறம். மாவிலைத் தோரணம் சருகு. மங்கல காரியத்துப் படத்தில் சருகுத் தோரணத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஒவ்வொரு நிறத்தின் சாயல் (ஹ்யூ), அடர்த்தி (சாச்சுரேஷன்), வெளிச்சம் (லூமினன்ஸ்) மூன்றையும் தனியாக மாற்றும் கலர் மிக்சரைத் திறந்தால் விஷயம் தெரிகிறது. மஞ்சள் ஹ்யூ -45, மஞ்சள் சாச்சுரேஷன் -30, பச்சை ஹ்யூ -60, பச்சை சாச்சுரேஷன் -75, ஆரஞ்சு லூமினன்ஸ் +18. மஞ்சள் ஹ்யூ மைனஸில் போனால் ஆரஞ்சுப் பக்கம் நகரும். தங்கம் செம்பானது அதனால். பச்சை மைனஸில் போனால் மஞ்சளாகும், அதோடு சாச்சுரேஷனும் இறங்கினால் காக்கி. வெளிநாட்டுப் பைன் காட்டில் கல்யாணப் பெண்ணை நிறுத்தி எடுக்கிறவர்களுக்கு இது அழகு. நம் வீடுகளில் தேக்குத் தூண், தோல், தங்கம், மஞ்சள் கயிறு, செங்கல் தரை எல்லாமே ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவேதான் கிடக்கின்றன. ஒன்றை நகர்த்தினால் ஐந்தும் சேர்ந்து நகரும்.

அமவுன்ட் ஸ்லைடரைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாயிற்று. செம்பு பாதிச் செம்பானது, அவ்வளவுதான். கடைசியில் கலர் மிக்சரை மொத்தமாகப் பூஜ்யமாக்கி, பிரீசெட்டின் டோன் கர்வையும் கிரெயினையும் மட்டும் வைத்துக்கொண்டு, நகை மேல் பிரஷ் மாஸ்க் (திருத்தம் அந்த இடத்தில் மட்டும் விழச்செய்யும் மறைப்பு) போட்டு, அதற்குள் பாயின்ட் கலர் சொட்டானால் (தொட்ட நிறத்தை மட்டும் பிடிக்கும் கருவி) தங்கத்தைத் தொட்டு ரேஞ்சைக் குறுக்கிய பிறகுதான் சரியானது. மாஸ்க் இல்லாமல் பாயின்ட் கலர் மட்டும் போட்டால் கன்னமும் கூடவே வரும்.

இதே மாதிரி மாட்டினவர்கள் எழுதுங்கள்.

தேவகோட்டை ரீடச்

அண்ணே, கலர் மிக்சர் மேல் பழி போடுகிறீர்கள். பாதிக் குற்றவாளி ஒயிட் பேலன்ஸ், வெளிச்சத்தின் நிறத்துக்கு ஈடுகட்டும் அமைப்பு. அந்த வகை பிரீசெட்டுகளில் பலவற்றில் கெல்வினையும் (வெளிச்ச நிறத்தின் அளவு) சேர்த்தே சேமித்து விற்கிறார்கள். ரா ஃபைலில் அது அப்படியே 4900 என்று உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் முகப்பில் எடுத்ததோ பட்டாலையில் (கூடத்தில்) எடுத்ததோ அதற்குக் கவலையில்லை. ஜேபெக் என்றால் இன்னும் மோசம். அங்கே கெல்வின் கிடையாது, -100 முதல் +100 வரை கூட்டல் கழித்தல் மட்டும்தான். ஒரே பிரீசெட் ரா-வில் ஒரு நிறம், ஜேபெக்கில் வேறு நிறம்.

இங்கே திருத்த முடியாமல் நின்றுபோன படம் ஒன்று உண்டு. வளவின் ஓரத்தில் மாப்பிள்ளை. ஒரு பக்கம் முற்றத்து வானம், மறுபக்கம் வாம் எல்இடி. ஒரே வேட்டியில் இடது மடிப்பு நீலம், வலது மடிப்பு மஞ்சள். எந்தப் பிரீசெட்டாலும் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் படத்துக்குள் இரண்டு வெளிச்சம் இருக்கிறது. வானப் பக்கம் 7000 கெல்வினுக்கு மேல், பல்பு பக்கம் 3000 சொச்சம். முகத்துக்கு ஏற்றபடி மொத்தப் படத்தையும் வைத்துவிட்டு, மறுபக்கத்துக்கு லீனியர் கிரேடியன்ட் (படிப்படியாக மங்கும் மாஸ்க்) போட்டு டெம்ப்பை (வெளிச்ச நிற ஸ்லைடர்) மட்டும் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். முழுதாகச் சரிசெய்யக் கூடாது. கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தால்தான் அங்கே விளக்கு எரிகிறது என்று கண் நம்பும்.

இன்னொன்று. வேட்டி வெள்ளைதானே என்று ஒயிட் பேலன்ஸ் சொட்டானை அதில் வைக்காதீர்கள். சலவையில் நீலம் போட்ட வேட்டி. அதை நடுநிலை வெள்ளை என்று மென்பொருள் நம்பி நீலத்தை எடுத்தால், எல்லார் முகத்திலும் காமாலை. பழைய சுண்ணாம்புச் சுவரும் உதவாது, அதில் ஒரு பாலேட்டு நிறம் உண்டு. வெளிச்சம் மாறும் இடத்திலெல்லாம் முதல் ஃப்ரேமில் கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை). ஐந்து விநாடி வேலை.

ஆத்தங்குடிப் பூக்கல்

நிறத்தை விடுங்கள், தூணைப் பாருங்கள். 16 எம்எம் லென்ஸ், கேமரா கொஞ்சம் கீழ் நோக்கி, தரையில் ஆத்தங்குடிப் பூக்கல் (பூப்போட்ட தளக்கல்) முழுதாக வரவேண்டும் என்று எடுத்தது. சாய்ந்த கோடுகளை நிமிர்த்தும் அப்ரைட்டில் வெர்ட்டிகல் போட்டு ஒரு படம் நேரானது. அதை மற்ற 40 படங்களுக்கு சிங்க் செய்ததும் (அதே திருத்தத்தை நகலெடுத்ததும்) பாதி வீடு சாய்ந்துவிட்டது.

காரணம் சிங்க் பெட்டியில் இருக்கிறது. அப்ரைட் மோடு வேறு, அப்ரைட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் வேறு. முதலாவதைத் தேர்ந்தால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கணக்குப் போடும். இரண்டாவது, முதல் படத்தின் கணக்கையே எல்லாவற்றின் மேலும் ஒட்டும். டிரைபாடில் அசையாமல் எடுத்த வரிசைக்குத்தான் இரண்டாவது. லென்ஸின் வளைவை நீக்கும் லென்ஸ் புரொஃபைல் கரெக்‌ஷனை முதலில் போட்டுவிட்டு அப்ரைட்டுக்குப் போங்கள். கைடட் போட்டால் கோடு இழுக்க வாசல் நிலையையும் சுவர் மூலையையும் பிடியுங்கள். இரண்டு கோடு கட்டாயம், நான்கு வரைதான் இடம் கொடுக்கும். அதிகம் நிமிர்த்தினால் ஓரத்தில் நிற்கிற ஆள் நெட்டையாவார். ஆஸ்பெக்ட் ஸ்லைடரைக் கொஞ்சம் எதிர்த்திசையில் தள்ளினால் ஆள் ஆளாக இருப்பார்.

தரைக்கு கிளாரிட்டி +40 போடுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்களாக இருக்க முடியாது. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்த கல்லுக்கு வழவழப்புதான் உயிர். கிளாரிட்டி அதைச் சொரசொர சிமென்டாக்கிவிடும். பூவின் ஓரம் தெரியவேண்டுமானால் டெக்ஸ்சர் +10 தாராளம்.

பட்டாலை ஸ்கேன்

மூன்று கோடு. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பட்டாலைச் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஐயா (தாத்தா), நெற்றியில் விபூதி. பழுது பார்க்கிற தானியங்கி ஃபில்டர் ஒன்றில் கொடுத்ததும் கீறல் போனது, பூஞ்சை போனது, கண் பளிச்சென்று வந்தது. நெற்றி வெறும் நெற்றி. குறுக்கே ஓடும் மூன்று வெளிர்க் கோட்டை அது சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டது. நெற்றியில் விபூதி இல்லாத ஐயாவை அந்த வீட்டில் யாரும் பார்த்ததேயில்லை.

தோல் மென்மையாக்கும் பிளக்-இன்களும் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) இதே ஜாதிதான். மூக்குத்தியை மறு என்று நினைக்கும், வைரத்தோட்டின் மின்னலைப் பரு என்று நினைக்கும். அதனால் எந்த பிளக்-இன்னையும் தனி லேயரில் (அடுக்கில்) ஓட்டி, கறுப்பு மாஸ்க் போட்டு, 10 சதவீத ஃப்ளோவில் வெள்ளை பிரஷால் வேண்டிய இடத்தில் மட்டும் கொண்டுவாருங்கள். நெற்றி, மூக்கு, காது பக்கம் பிரஷ் போகவே கூடாது.

பழைய படத்துக்கு ஸ்கேனிலேயே பாதி வேலை முடியும். கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் எடுக்காதீர்கள். கலரில் எடுத்து சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில் கரியாகத் தெரியும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கறை துடைக்கும் வேலையே மிச்சம். 2க்கு 3 அங்குலப் படமென்றால் 1200 டிபிஐ, 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், 8க்கு 12 அச்சுக்குப் போதும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க வேண்டாம், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள்.

செக்காலை கலர்மேன்

பட்டாலை ஸ்கேன் சார் சொன்ன மாஸ்க் சரி. ஆனால் பிளக்-இன்னே எதற்கு? நிறத்தையும் நுணுக்கத்தையும் இரண்டு அடுக்காகப் பிரிக்கும் ஃப்ரீக்வன்சி செபரேஷன் தெரிந்தால் போதாதா?

ஃபோட்டோஷாப்பில் லேயரை இரண்டு நகல். கீழ் நகலுக்கு காசியன் பிளர், 24 மெகாபிக்சல் முகப்படத்துக்கு 6 முதல் 10 பிக்சல். மேல் நகலில் அப்ளை இமேஜ், மூலமாகக் கீழ் நகல். 8 பிட் என்றால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட் என்றால் ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. பிறகு மேல் நகலின் பிளெண்ட் மோடு (கலப்பு முறை) லீனியர் லைட். படம் பழையபடியே தெரிந்தால் சரி. கொஞ்சமாவது மாறித் தெரிந்தால் பிட் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், பாதிப் பேர் விழுகிற குழி அதுதான். இனி திட்டுத் திட்டான நிறத்தைக் கீழ் நகலில் லாசோவும் பிளருமாகச் சமன் செய்யலாம். விபூதியின் ஓரமும் தோலின் துளையும் மேல் நகலில் பத்திரம். விபூதியின் வெண்மை மட்டும் கீழேதான் இருக்கிறது, அங்கே லாசோவை நெற்றிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேட்காத யோசனைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாரும் திரையைப் பார்த்து நிறம் பேசுகிறீர்கள். ஆல்பம் அச்சாகி வரும்போது கருத்து வருவதற்கு அச்சிடும் லேப்பைத் திட்டுகிறோம். பெரும்பாலும் தப்பு நம் மேசையில். மானிட்டர் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு, அதில் சரியாகத் தெரிகிற அளவுக்குப் படத்தை இருட்டாக்கி அனுப்புகிறோம். மானிட்டரில் வைக்க வேண்டியது சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா பிரகாசம், 6500 கெல்வின், காமா 2.2. அளவிடும் கருவி இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு 4க்கு 6 சோதனைப் பிரதி எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் 300 டிபிஐயில் 3600க்கு 10800 பிக்சல். நடுமடிப்பு 18-ஆவது அங்குலத்தில் விழும், இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு முகம் வேண்டாம். லேப் வேறு கேட்டாலொழிய எஸ்ஆர்ஜிபி நிறவெளி (கலர் ஸ்பேஸ்). அடோபி ஆர்ஜிபியில் வைத்திருந்தால் கன்வர்ட் டு புரொஃபைல் போடுங்கள், அசைன் போடாதீர்கள். அசைன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அர்த்தத்தை மட்டும் மாற்றும், நிறம் புரண்டுவிடும். அதை புரொஃபைல் (எந்த நிறவெளி என்ற குறிப்பு) ஒட்டாமல் அனுப்பினாலோ சேலை வெளுத்து வரும்.

சேலை என்றதும் ஞாபகம் வருகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கண்டாங்கி. அந்த அரக்குச் சிவப்பைப் படத்தில் பிடிப்பது லேசில்லை. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளின் வரைபடம்) மொத்தம் நன்றாக இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும், கட்டமும் நூலும் கரைந்து ஒரே சிவப்புச் சட்டமாகத் தெரியும். ஒயிட்ஸ் ஸ்லைடரை ஆல்ட் அழுத்திக்கொண்டு நகர்த்தினால் எங்கே முட்டுகிறது என்று திரையில் சிவப்பாகவே காட்டும். லைட்ரூமில் படத் தோற்றத்துக்கான புரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள், பாதி நூல் திரும்பி வரும். மிச்சத்துக்குச் சேலை மேல் மாஸ்க் போட்டு சாச்சுரேஷன் -12. பிரீசெட்டில் சாச்சுரேஷன் ஏற்றியிருந்தால் அதை எடுத்துவிட்டு வைப்ரன்ஸ் வையுங்கள். ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை வைப்ரன்ஸ் அவ்வளவாகத் தொடாது.

தேவகோட்டை ரீடச்

கலர்மேன் அண்ணே, அனுபவம் கேட்டால் பாடமே நடத்திவிட்டீர்கள். ஆனால் ஒன்று. ஃப்ரீக்வன்சி செபரேஷனை 640 படத்துக்குப் போட முடியாது. ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கும் உள்ளே வரும் நான்கைந்து பெரிய முகத்துக்கும்தான். மற்றதற்கு லைட்ரூமில் பீப்பிள் மாஸ்க், ஃபேஸ் ஸ்கின் மட்டும், டெக்ஸ்சர் -15, நெற்றியை பிரஷால் சப்ட்ராக்ட். முடிந்தது.

ஊருணிக்கரை

வானம் மாற்றியதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊருணிப் படிக்கட்டில் ஜோடி, உச்சி வெயில். ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்டில் செவ்வந்தி வானம் ஒன்று. மேலே அந்தி. கீழே தண்ணீரில் அதே பழைய வெளுத்த பகல். அதோடு ஜோடியின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அந்தியில் நிழல் நீண்டல்லவா விழும்?

தண்ணீர் இருந்தால், மாற்றிய வான லேயரை நகலெடுத்து, தலைகீழாகத் திருப்பி, மல்டிப்ளையிலோ சாஃப்ட் லைட்டிலோ 40 சதவீதம் வைத்து, அலைக்கு மோஷன் பிளர் கொஞ்சம். நிழலுக்கு வைத்தியம் கிடையாது. உச்சி வெயில் படத்துக்கு உச்சி வெயில் வானத்தையே, மேகம் மட்டும் கூடுதலாக வையுங்கள்.

கோபுரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் வருகிற எச்டிஆர் (இருளையும் வெளிச்சத்தையும் சேர்த்தே காட்டும் முறை) பழக்கமும் இன்னும் போகவில்லை. 2016-ல் கூகுள், எச்டிஆர் பிளக்-இன்னும் அடங்கிய நிக் கலெக்‌ஷனை இலவசமாக விட்டபோது பிடித்துக்கொண்டவர்கள் பலர். மறு வருஷமே அது டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, வளையம் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது.

வளவுத்தூண்

எல்லாருக்கும் நன்றி. தேவகோட்டைத் தம்பி சொன்னது சரிதான், அந்தப் பிரீசெட்டில் 5100 கெல்வின் ஒளிந்திருந்தது. புதிதாகச் சேமிக்கும்போது ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், டிரான்ஸ்ஃபார்ம், மாஸ்க் நான்கிலும் டிக்கை எடுத்தாயிற்று.

பிளக்-இன்னுக்கு அனுப்புகிறவர்கள் வட்டில் உள்ள இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாகப் போனால் ஒன்று 144 எம்பி, லேயர் சேர்ந்தால் இன்னும் ஏறும். டிஃப் ஆன பிறகு ரா-வில் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் அது டிஃப்புக்குப் போய்ச் சேராது. நிறம் முடிந்த பிறகே பிளக்-இன்.

பெரிதாக்கும் ஏஐ பிளக்-இன் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. கழுத்திருவை 200 சதவீதத்தில் வைத்து, மூலப் படத்தோடு உருப்படிகளை எண்ணிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை அது ஒன்றாக உருக்கி வைத்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆல்பத்தைத் திறந்ததும் ஆச்சி முதலில் எண்ணுவது அதைத்தான்.