தறி நின்னுபோன ஆளுங்களுக்குத் தையல் பயிற்சி எங்கே கிடைக்கும்?

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் எங்க ஊர்ல தறி குடோன் நின்னு, 14 ஆம்பளைங்க ரெண்டு வருசமா சும்மா இருக்காங்க. எல்லாரும் 40 தாண்டினவங்க.

ஊராட்சி, மகளிர் குழு, ரெண்டு பனியன் கம்பெனிக்காரங்க சேர்ந்து உட்கார்ந்து பேசினோம். தையல் தெரிஞ்சா எடுத்துக்கறோம்னாங்க. கிராமத்து ஆளுங்களுக்குத் தொழில் பயிற்சி தர்ற மத்திய அரசோட தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா திட்டத்துல ஆம்பளைங்களுக்குப் பொதுவா 35 வயசு வரைக்கும்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் அப்படியே கிடக்குது.

நேராவே கம்பெனிக்கு மூணு பேரை அனுப்பிப் பார்த்தோம். அறுந்த இழையைக் கண்ணை மூடிட்டு முடி போடறவரு, ஓவர்லாக் மிஷினுக்கு நூல் கோக்கவே திணறிட்டாரு. மிதிச்சா துணி கையை விட்டு ஓடுது. தைச்ச உருப்படிக்கு இவ்வளவுன்னு கொடுக்கற பீஸ் ரேட்டுல பழகற ஆளுக்கு என்னங்க தேறும்? மூணாம் நாளே நின்னுட்டாங்க.

திருப்பூர், ஈரோடு, கோவை பக்கம் 40 தாண்டினவங்களுக்கு, பழகற மாசத்துக்கும் கூலி கொடுத்து, ஊரும் கம்பெனியும் சேர்ந்து பயிற்சி நடத்தின இடம் ஏதாவது தெரியுமுங்களா?