வீட்டில் ஓடும் படகு எஞ்சின் தண்ணீரில் நின்றுவிடுகிறது. இதை நம்பி அப்பாவை மேட்டூருக்கு அழைத்துப் போகலாமா?

அல்சூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூரில் குடியிருக்கிறேன். சென்ற ஆண்டு காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பதினோரு அடி நீளம், மூவர் உட்காரலாம். அதனுடன் 5 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் 12 லிட்டர் தனி பெட்ரோல் டேங்கும் வந்தன.

மாசி மாதத்தில் அப்பாவை மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கு அழைத்துப் போக வேண்டும். ஏரியூர் வழியாக நாகமரையில் படகை இறக்கி, மேலே ஒட்டனூர் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் இரண்டு இரவு தங்கித் தூண்டில் போடுவது திட்டம். அப்பாவுக்கு வயது 71. அவருடைய தாத்தா ஊர், 1934-இல் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்று. பண்ணவாடியில் நீர்மட்டம் இறங்கும்போது தலைகாட்டும் நந்தியைச் சிறுவயதில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு பொங்கலும் போவதில்லை.

பிரச்சினை இதுதான். வீட்டு மாடியில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டினால் எஞ்சின் அரை மணி நேரம் ஓடுகிறது. ஓசூர்ப் பக்கம் நண்பரின் தோட்டத்துக் குளத்தில் இறக்கினால் பதினைந்து, இருபது நிமிடத்தில் மூச்சுத் திணறியதுபோல் இழுத்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி கிளம்புகிறது. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதைதான். விற்றவர் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். அது சரியா?

பழைய மெக்கானிக்:
எதையும் மாற்றாதீர்கள், காசு வீண். முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். நிற்பதற்கு முன் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீய்ச்சுகிறதா? நின்ற உடனே, டேங்கிலிருந்து வரும் குழாயில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைத் தொட்டீர்களா, அது உருண்டையாக இருந்ததா, சப்பையாக இருந்ததா? மாடியில் ஓட்டும்போது டேங்க் மூடி எந்த நிலையில் இருந்தது?

அல்சூர்வாசி:
தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது ஐயா, கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும்தான். பல்பு சப்பையாக இருந்தது. காய்ந்த எலுமிச்சைத் தோல்போல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் பழசாகிவிட்டது என்று நினைத்து நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடியில் அடிக்கடி பெட்ரோல் ஊற்றுவதால் மூடியைச் சும்மா மேலே வைத்திருப்பேன், திருகி மூடியதில்லை.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் எஞ்சினில் கோளாறு இல்லை. டேங்க் மூடியின் நடுவில் சிறிய திருகு ஒன்று இருக்கும், பாருங்கள். காரில் கொண்டுபோகும்போது பெட்ரோல் நாற்றம் வரக்கூடாது என்று அதை இறுக மூடியிருப்பீர்கள். குளத்துக்குப் போனதும் திறக்கவில்லை.

நல்லெண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சொட்டிச் சொட்டி நின்றுவிடும். எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். இதுவும் அதே சங்கதிதான். பெட்ரோல் வெளியே போன அளவுக்குக் காற்று உள்ளே வர வழியில்லையென்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. எஞ்சினின் பம்ப் இழுத்து இழுத்துப் பார்க்கிறது, பெட்ரோல் வராமல் பல்பு சப்பையாகிறது. பத்து நிமிடம் விட்டால் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து நுழைகிறது, எஞ்சினும் கிளம்புகிறது. மாடியில் மூடி தளர்வாக இருந்ததால் அங்கே இந்தத் தொல்லை வரவில்லை.

திருகை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால் டேங்கின் உள்ளே இருக்கும் வலைவடிகட்டியைப் பார்க்கலாம்.

இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்ததைப் படகில் ஊற்றாதீர்கள், புறப்படும் வாரத்தில் புதிதாக வாங்குங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும், எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்ற வேண்டாம்.

கொளத்தூர்ப் பேத்தி:
தம்பி, நான் பிறந்தது அந்தக் கரையில். இப்போது நானும் பெங்களூரில்தான் இருக்கிறேன், ஜாலஹள்ளியில். எஞ்சின் சரியாகிவிடும். உங்கள் திட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அணையில் மீன் பிடிப்பவர்கள் மீன்வளத்துறையிடம் உரிமம் வாங்கியவர்கள். வெளியூர்க்காரர் சொந்தப் படகோடு வந்து தூண்டில் போடுவதற்கு மேட்டூர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் பொருத்திய கலத்துக்குப் பதிவு வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் சொல்கிறது. உங்கள் படகுக்கு அது இருக்கிறதா? இல்லையென்றால் இந்த முறை எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத் துடுப்போடு வாருங்கள், அல்லது உள்ளூர்ப் பரிசல்காரர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் நோக்கி மேலே ஏறிப் போகவே போகாதீர்கள். அந்தப் பக்கமெல்லாம் காடு. காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் தூண்டிலை எடுத்தாலே வழக்குதான். கரையில் இரவு தங்குவதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டியிருக்கும். யானை தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் 71 வயதுப் பெரியவரைக் கூடாரத்தில் படுக்க வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. எங்கள் ஆட்கள் சாயங்காலம் செவுள் வலை விரித்துவிட்டு விடியலில் போய் எடுப்பார்கள். மிதவையாகக் கட்டியிருப்பது வெறும் தெர்மாகோல் துண்டும் காலி பிளாஸ்டிக் பாட்டிலும்தான். அரையிருட்டில் கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் விசிறி அதில் சிக்கினால் உங்கள் படகு நிற்கும், அவர்களுடைய வலை கிழியும். அந்த வலைக்கு அவர்கள் கடன் வாங்கியிருப்பார்கள். என் சித்தப்பா ஒருமுறை கிழிந்த வலையைத் திண்ணையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் முடிச்சுப் போட்டார். அந்த மூன்று நாளும் வீட்டில் மீனும் இல்லை, காசும் இல்லை. தயவுசெய்து நன்றாக வெளுத்த பிறகே எஞ்சினை இயக்குங்கள்.

அல்சூர்வாசி:
அக்கா, வலையைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னதற்கு மிகவும் நன்றி. படகுக்குப் பதிவு இல்லை. விற்றவர் அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லவும் இல்லை. மாசி மாதம் சரியான காலம்தானா?

கொளத்தூர்ப் பேத்தி:
மாசி நல்ல காலம். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதற்குப் பிறகு நீர்மட்டம் பெரிதாக ஏறாது. காற்றும் அடங்கியிருக்கும். ஆடியில் வந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்த மாதக் காற்று பரிசலையே சுழற்றிவிடும், கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் வெள்ளம் வந்து சேரும். புறப்படும் வாரம் முழுவதும் நாளிதழில் அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நந்தி தெரியுமா என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. நன்றாக இறங்கினால் நந்தியும் வெளியே வரும், பழைய கிறிஸ்தவத் தேவாலயத்தின் கோபுரமும் வரும். ஆனால் அப்போது கரையோரம் சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். அப்பாவைப் பரிசல் துறையில் மட்டும் ஏற்றுங்கள், இறக்குங்கள்.

பழைய மெக்கானிக்:
அம்மா சொல்வதைக் கேளுங்கள். பின்னாளில் பதிவு வாங்கி எஞ்சினோடு போகும்போது, டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். துடுப்பு இரண்டு, உபரி ஸ்பார்க் பிளக் ஒன்று, அதைக் கழற்றும் ஸ்பேனர், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் படகிலேயே இருக்க வேண்டும். உயிர்காப்பு உடுப்பை உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்தாதீர்கள். உடம்பில் மாட்டி வாரை இழுத்துக் கட்டுங்கள், அப்பாவுக்கு முதலில்.

அல்சூர்வாசி (ஒன்பது நாள் கழித்து):
ஞாயிற்றுக்கிழமை ஓசூர்க் குளத்துக்குப் போனேன். மூடித் திருகை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டு ஓட்டினேன். ஐம்பது நிமிடம் ஒருமுறைகூட நிற்கவில்லை. பல்பு கடைசிவரை கையில் திம்மென்று இருந்தது. உறுதி செய்துகொள்ளத் திருகை மூடிப் பார்த்தேன். பதினேழாவது நிமிடம் அதே திணறல். ஐயா, கார்புரேட்டர் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆனால் மேட்டூருக்கு எஞ்சின் வரவில்லை. பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை படகையும் கொண்டுபோகவில்லை. அப்பாவிடம் சொன்னபோது முகம் வாடுமோ என்று பயந்தேன். "பரிசலென்றால் இன்னும் நல்லது" என்றார். பெட்டியிலிருந்து தன்னுடைய பழைய மூங்கில் தூண்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஒட்டனூர்க் கரையை விட்டுவிட்டோம். இரவு மேட்டூரில் விடுதி, காலையில் பண்ணவாடி. மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை நேரில் போகிறேன்.

அக்கா, தூண்டிலுக்கு என்ன இரை கொண்டுவரலாம்?

கொளத்தூர்ப் பேத்தி:
ஜிலேபி மீனுக்கும் கெளுத்திக்கும் மண்புழு போதும். கட்லாவுக்குத் தவிட்டோடு கொஞ்சம் மைதா சேர்த்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து எதுவும் வாங்கிவர வேண்டாம், துறைக்குப் பக்கத்திலேயே தவிடு கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் துறைக்கு வந்துவிடுங்கள். என் சித்தப்பா மகனிடம் சொல்லி வைக்கிறேன், அவனே பரிசல் தள்ளுவான். உங்கள் அப்பாவின் தாத்தா ஊர் எது என்று மட்டும் எழுதுங்கள். அந்த இடத்துக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறேன்.