குன்னூரில் தேன் நிறம், திருச்சியில் கறுப்பு: நீங்கள் இப்போது என்ன இலை குடிக்கிறீர்கள்?

உறையூர்க்காரி:

போன வருடம் ரத்தத்தில் சர்க்கரை 210 வந்தது. டாக்டர் டீயில் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். சர்க்கரை இல்லாத பால் டீயை மூன்று நாள் குடித்தேன், நான்காம் நாள் அழுகை வராத குறை. நான் தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருபவள். பதினொரு மணி டீதான் எனக்குப் பாதி உயிர். அப்படித்தான் பால் ஊற்றாத இலை டீ பக்கம் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் இதைக் கலர் வெந்நீர் என்கிறார்.

இப்போது வீட்டில் மூன்று இருக்கின்றன. மகள் கொல்கத்தா போனபோது வாங்கி வந்த டார்ஜிலிங் முதல் பறிப்பு, 50 கிராம். பிரித்தால் பச்சையும் பழுப்புமாகக் கிடந்தது. கிரீன் டீயைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்படி இல்லையாம். மார்ச் மாதக் கொழுந்தை நன்றாக வாட்டி ஈரத்தை எடுத்துவிடுவதால் இலை முழுதாகச் சிவக்காமல் பாதியில் நின்றுவிடுமாம். இரண்டாவது அஸ்ஸாம். அது பால் கொடு, பால் கொடு என்று கெஞ்சுகிற டீ. எனக்கு ஆகாது, வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் என் பிரச்சினை. ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காகக் குன்னூர் போனேன். அங்கே ஒரு ஃபேக்டரிக் கடையில் வெள்ளைக் கோப்பையில் கொடுத்தார்கள். தேன் நிறம். எலுமிச்சை இலையைக் கசக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. குளிர்கால இலை என்றார்கள். கால் கிலோ வாங்கிவிட்டேன்.

வீட்டில் போட்டால் அதே இலை கறுத்துப்போகிறது. வாசனை இல்லை, கடைசி வாயில் கைப்பு. ஆறினால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை, டம்ளரைச் சுற்றிப் பழுப்பு வளையம், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைக்கிறேன். தண்ணீர் மோட்டார் தண்ணீர்தான். காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைப்பது குடிக்க, அதை டீக்குச் செலவழிப்பதில்லை. பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? நீங்கள் எல்லாம் என்ன குடிக்கிறீர்கள், எப்படிப் போடுகிறீர்கள், சொல்லுங்கள்.


பாய்லர் மணி:

பால் இல்லை, ஆற்றவில்லை, நுரை இல்லை. அக்கா, அதற்குப் பெயர் கஷாயம்.


கோத்தகிரிக் குளிர்:

மணி அண்ணன் கிடக்கிறார். அக்கா, பொட்டலத்தில் குறை இல்லை. குற்றவாளி யார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: மோட்டார் தண்ணீர்.

போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் அதிகம். டீயில் இயற்கையாகவே இருக்கும் லேசான புளிப்பை அது அடித்துவிடும். புளிப்பு போனால் செம்பொன் நிறமும் போய்விடும், டீ கறுத்து மங்கும். மேலே மிதக்கிற ஆடை அழுக்கு இல்லை. டீயின் துவர்ப்புப் பொருளும் தண்ணீரின் சுண்ணாம்பும் காற்றுப் பட்டுச் சேர்ந்து படிவது. சந்தேகமாக இருந்தால் அந்தக் கறுத்த டம்ளரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், கண் முன்னாலேயே வெளுக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீங்கள் குடித்த கோப்பை அந்தச் சூட்டில் போட்டது. திருச்சியில் கொதித்தால் 100. குளிர்கால இலை மென்மையானது, அவ்வளவு சூட்டையும் ஐந்து நிமிடத்தையும் சேர்த்துத் தாங்காது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கி ஒரு நிமிடம் போகட்டும், அப்புறம் ஊற்றுங்கள். 200 மில்லிக்கு இரண்டரை கிராம், மூன்று நிமிடம், உடனே வடிகட்டிவிடுங்கள். முழு இலை ஸ்பூனில் ஏமாற்றும், கைவசம் நகைத்தராசு மாதிரி சின்னத் தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள். டப்பாவைச் சாம்பார்ப் பொடி பக்கம் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

குளிர்கால இலை ஏன் அப்படி மணக்கிறது என்றால், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ராத்திரிக் குளிரில் செடி வளராமல் முடங்கிக் கிடக்கும். கொழுந்து மெல்ல வருவதால் வாசனை அதிலேயே தங்கும். இதைக் கேட்டுவிட்டு உறைபனி விழுந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். உறைபனி நேராக விழுந்த செடி கருகிப்போகும். வாசனைக்குக் குளிர் வேண்டும், செடிக்குப் பனி ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பறிக்க வேண்டும்.

நான் என்ன குடிக்கிறேன் என்றால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். பறிக்கிற பச்சைத் தேயிலை எல்லாம் கூட்டுறவு ஃபேக்டரிக்குப் போய் சி.டி.சி. தூளாகிவிடும், அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குறுணை. நாலரைக் கிலோ பச்சை இலை கொடுத்தால் ஒரு கிலோ தூள். சொந்தச் செடியின் இலையை இலையாகவே குடித்ததில்லை என்ற வெறியில், இந்த ஜனவரியில் அரைக் கிலோ கொழுந்தைப் பாயில் ராத்திரி முழுக்க வாட்டி, உள்ளங்கையால் உருட்டிச் சுருட்டி, சிவக்க விட்டு, இரும்புச் சட்டியில் காய வைத்தேன். கை இரண்டு நாள் பச்சை வாசனை போகவில்லை. டீ எப்படி இருந்தது? கொஞ்சம் தீய்ந்த வாடை, ஆனால் பின்னாலேயே அந்த எலுமிச்சை இலை. மொத்தம் நூறு கிராம் தேறியது, பாதியை அப்பாவே தீர்த்துவிட்டார்.


டிக்கோயாப் பிள்ளை:

அக்கா, நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள், இப்போது கனடாவில் ஸ்காபரோவில். அம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் குடித்தது தோட்டத்தில் மாதாமாதம் தரும் தூள். நல்லதெல்லாம் பெட்டியில் கொழும்புக்குப் போய்விடும். சாயத்தைக் கறுப்பாக இறக்கி, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கி நக்கித் தேத்தண்ணி குடிப்போம். உங்களுக்குச் சீனி ஆகாது, இதைப் படித்ததோடு மறந்துவிடுங்கள்.

இப்போது நான் குடிப்பது ஊவா பி.ஓ.பி. டிக்கோயாக்காரி ஊவாத் தேயிலை குடிக்கிறாளா என்று அம்மாவுக்குக் கோபம். எங்கள் திம்புலப் பக்கத்துக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவில், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர். அப்போது மலையைத் தாண்டி வரும் காய்ந்த கச்சான் காற்றில் செடி வாடும், அந்த இலையில் ஒரு தனி வாசம் ஏறும். முதல் தடவை மோந்தபோது முழங்காலுக்குப் பூசும் தைலத்தைக் கையோடு துடைக்காமல் டின்னைத் திறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். நினைத்தது பிழையில்லை. நோவுத் தைலத்தில் இருக்கிற மெதைல் சாலிசிலேட்தான் அந்த இலையிலும் இருக்கிறது. ஒருவருக்குப் பிடிக்கும், ஒருவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. எனக்கு அது இல்லாமல் விடிவதில்லை.

பி.ஓ.பி. உடைந்த இலை. சாயம் சட்டென்று இறங்கும். கோத்தகிரித் தம்பி சொன்ன மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு கணம் விட்டாலும் கைக்கும்.


தோ பாயோத் தம்பி:

சிங்கப்பூரிலிருந்து. நான் பு-எர் என்கிற சீனத் தேயிலைப் பக்கம் போய்விட்டேன், திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை. யுன்னான் இலையை 357 கிராம் வட்டுகளாக அழுத்தி, ஏழேழாக மூங்கில் மட்டையில் கட்டி வைப்பார்கள். ஊரிலிருந்து வந்த அம்மா அலமாரியில் பார்த்துவிட்டுப் பழம்புளி என்று எடுத்து ஊறப்போடப் பார்த்தார், நல்லவேளை நான் வீட்டில் இருந்தேன்.

பழுத்த வகை, பச்சை வகை என்று இரண்டு. பழுத்த வகைக்கு இலையை ஈரக் குவியலாகக் குவித்து வாரக்கணக்கில் நொதிக்க விடுவார்கள். 1973இல் குன்மிங் தொழிற்சாலையில் பழக்கத்துக்கு வந்த முறை. மழை பெய்த மண் வாசனை, வயிற்றுக்கு இதம், கைப்பு கிடையாது. அக்கா, உங்களுக்கு இது சரியாக வரும், சர்க்கரையைத் தேடவே தேடாது. நூறு மில்லி மூடிக் கோப்பையில் ஆறு கிராம், நல்ல கொதிநீர், முதல் ஊற்றைக் கொட்டிவிட்டு அடுத்ததிலிருந்து பத்துப் பத்து விநாடி. எட்டுத் தடவை வரும். பச்சை வகையில் புதியதை மட்டும் வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். நான் குடித்துவிட்டு எம்.ஆர்.டி. ரயிலில் பட்ட பாடு வேண்டாம்.


உறையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மூன்று டம்ளர் வைத்தேன். மோட்டார் தண்ணீர், குடத்துக் காவிரி, பக்கத்து வீட்டு ஆர்.ஓ. தராசு இல்லை, ஆபீசில் தபால் நிறுக்கும் தராசை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரே ஸ்பூனால் போட்டேன். கொதி அடங்கவிட்டு மூன்று நிமிடம்.

மோட்டார் தண்ணீர் வழக்கம்போலக் கறுப்பு, ஆடை. ஆர்.ஓ. பார்க்க அழகு, வாயில் சப்பென்று இருந்தது. காவிரியில் குன்னூர் வந்துவிட்டது! முழுதாக இல்லை, முக்கால்வாசி. அந்த எலுமிச்சை இலை மூக்கில் ஏறியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதம் நல்ல தண்ணீரைக் குடத்தில் மூடி வைத்துவிட்டு, கால் கிலோவில் பாதியைக் கெடுத்திருக்கிறேன். இனி டீக்கு என்று தனிச் சொம்பு.

கோத்தகிரித் தம்பி, எலுமிச்சைச் சோதனையும் செய்தேன். மோட்டார் தண்ணீர் டம்ளரில் நாலு சொட்டு விட்டதும் கறுப்பு கலைந்து பொன்னிறமாகிவிட்டது, ஆடையையும் காணோம். மற்ற இரண்டையும் குடித்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து அதை எடுத்துக் குடித்துவிட்டு, மூன்றில் இதுதான் நன்றாக இருக்கிறது, நாளைக்கும் இதையே போடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.