லினக்ஸ் லேப்டாப்பில் பெரிய கேம் திறந்த உடனே மூடிவிடுகிறது. இனி இதை நம்பிக் கேம்களில் பணம் போடலாமா?

கோத்தகிரி கணக்கர்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 என் பிராசஸரை ஏற்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். ஆபீஸ் வேலை, படம், பாட்டு எல்லாம் சரியாகப் போகிறது.

பிரச்சினை கேமில்தான். கேம் விற்கும் ஸ்டீம் செயலியில் விட்சர் 3 வைத்திருக்கிறேன். ப்ளே அழுத்தினால் பொத்தான் ஒரு நொடி 'ஸ்டாப்' என்று மாறுகிறது, உடனே மறுபடி 'ப்ளே' ஆகிவிடுகிறது. எரர் எதுவும் காட்டவில்லை. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டித் தரும் ப்ரோட்டானை ஆன் செய்திருக்கிறேன், டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரும் போட்டாயிற்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. தீபாவளி போனஸ் வரப்போகிறது. அதில் நாலைந்து பெரிய கேம் வாங்கலாம் என்று ஆசை. ஆனால் பெரிய கம்பெனிகள் லினக்ஸைக் கண்டுகொள்வதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து வேறு மெஷின் வாங்குவதுதான் சரியா?

கொடைக்கானல் ரிப்பேர் கடை:

தம்பி, முதல் கேள்வியை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வருவோம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். கேம் எந்த டிரைவில் இருக்கிறது? விண்டோஸ் காலத்து டி டிரைவா, லினக்ஸ் போட்ட பிறகு உருவாக்கிய இடமா? அடுத்தது, டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்தபோது நீலத் திரை ஒன்று வந்ததா?

கோத்தகிரி கணக்கர்:

டி டிரைவில்தான் அண்ணா. விண்டோஸில் இருந்தபோதே இறக்கிய கேம் அது. இங்கே இருக்கிற நெட்டில் மறுபடி 50 ஜிபி இறக்குவது ஆகாத காரியம் என்று, லினக்ஸ் ஸ்டீமுக்கும் அதே ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். நீலத் திரை வந்தது. ஏதாவது கீயை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி எண்ணிக்கொண்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் தானாகப் போய் மின்ட் திறந்துவிட்டது.

கொடைக்கானல் ரிப்பேர் கடை:

அப்படியானால் இரண்டு இடத்தில் சிக்கல் இருக்கிறது. கேம் உடனே மூடுவதற்கு டி டிரைவ்தான் காரணமாக இருக்கும்.

ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் 'கம்பாட்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் தனித்தனியாக ஒரு குட்டி விண்டோஸ் அமைப்பை உண்டாக்கும். கேம் கேட்கும் சி டிரைவ், அதன் கீழே இருக்க வேண்டிய விண்டோஸ் ஃபோல்டர்கள், ரெஜிஸ்ட்ரி எல்லாம் அதற்குள் இருக்கும். அந்த சி டிரைவைக் குறிக்க, சி எழுத்தும் அதன் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஒரு இணைப்பைப் போடும். லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4-இல் இப்படிப் பெயர் வைக்கத் தடையில்லை. உங்கள் டி டிரைவ் இருப்பது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில். அங்கே கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. அந்த இடத்திலேயே ப்ரோட்டான் விழுந்துவிடுகிறது. கேம் தொடங்கவே இல்லை, பிறகு எரர் எப்படி வரும்? போதாக்குறைக்கு, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் அது டிரைவைப் பாதி தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

மறுபடி இறக்க வேண்டாம். ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போங்கள். லினக்ஸ் டிரைவையும் அங்கே சேர்த்துவிட்டு, விட்சரைத் தேர்ந்தெடுத்து 'மூவ்' கொடுங்கள். உங்கள் டிஸ்க்குக்குள்ளேயே மாறும், நெட் செலவாகாது.

அந்த நீலத் திரை செக்யூர் பூட் சம்பந்தப்பட்டது, அதாவது அனுமதி இல்லாத மென்பொருள் ஏறாமல் தடுக்கும் காவல். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருக்கும். ரீஸ்டார்ட்டில் அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவர் ஏறும். பத்து நொடியில் போய்விட்டது என்றால் டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், வேலை செய்யாது. உங்கள் 1050 சும்மா கிடக்கும், இன்டெல் கிராஃபிக்ஸ்தான் எல்லா பாரத்தையும் இழுக்கும். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், ரீஸ்டார்ட் ஆகும்போது கீபோர்டு பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் கீழே மூலையில் இருக்கும் என்விடியா ஐகானில் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றி, ஒருமுறை லாக் அவுட் ஆகி வாருங்கள்.

குன்னூர் டிசைனர்:

இரண்டாவது கேள்விக்கு மேக் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, தம்பி. 'வேறு மெஷின்' என்று நீங்கள் நினைப்பது மேக் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நான் டிசைன் வேலைக்கு எம்2 மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். வேலைக்கு அருமையான மெஷின். கேமுக்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

பெரிய கேம் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2022-இல் வந்தது, பால்டர்ஸ் கேட் 3 அடுத்த வருடம் வந்தது. அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் 2025 மார்ச்சில் மற்ற மெஷின்களோடு அதே நாளில் மேக்குக்கும் வந்தது. சைபர்பங்க் 2077 மட்டும் 2020 டிசம்பரில் விண்டோஸுக்கு வந்து, மேக்குக்கு 2025 ஜூலையில்தான் வந்தது. அதற்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி மெமரி வேண்டும். என் ஏரில் இருப்பது 8. மேக்கில் மெமரியை அப்புறம் ஏற்றவும் முடியாது.

ஆப்பிள் போகிற பாதை வேறு. கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் பொது முறையான ஓப்பன்ஜிஎல்-ஐ 2018-இல் ஓரங்கட்டியது. அதே வேலைக்கான புதிய முறையான வல்கனை நேரடியாக ஏற்கவே இல்லை. தன் சொந்த முறையான மெட்டலில் எழுது என்கிறது. 2019-இல் கேட்டலினா வந்தபோது 32-பிட் செயலிகள் எல்லாம் நின்றன. அதுவரை மேக்கில் ஓடிய எத்தனையோ கேம்கள் அந்த ஒரு அப்டேட்டோடு போயின. இப்படிப்பட்ட இடத்துக்குக் கேம் கம்பெனி ஆள் ஒதுக்க யோசிக்கத்தான் செய்யும். விண்டோஸ் கேமை மேக்குக்குக் கொண்டுவர உதவும் கேம் போர்ட்டிங் டூல்கிட் என்று 2023-இல் ஒன்று கொடுத்தார்கள், அதற்குப் பிறகு வரத்து கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். உங்களிடம் இருக்கும் லினக்ஸில் ஓடும் பட்டியல் இதைவிட ரொம்பப் பெரியது.

கூடலூர் காலேஜ்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ஜிடிஏ 5 ஆன்லைன், வாலரண்ட், பப்ஜி இதெல்லாம் லினக்ஸில் ஓடுமா? எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் இதைத்தான் ஆடுகிறார்கள். நானும் பழைய லேப்டாப்தான்.

கொடைக்கானல் ரிப்பேர் கடை:

ஓடாது தம்பி. இனிமேலும் சீக்கிரத்தில் ஓடும் என்று நான் நம்பவில்லை. கோத்தகிரி தம்பி கேட்டதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரிய கேம் கம்பெனி லினக்ஸுக்கென்று தனியாகக் கேம் செய்து கொடுக்குமா என்றால், பெரும்பாலும் செய்யாது. முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1998-இல் தொடங்கிய லோக்கி என்ற கம்பெனி அதையே தொழிலாகச் செய்து, 2002-இல் மூடியது. 2015-இல் ஸ்டீமை நடத்தும் வால்வ், லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கம்ப்யூட்டர்களை இறக்கியது. லினக்ஸில் ஓடுகிற கேம் குறைவு, அதனால் வாங்குகிற ஆள் குறைவு, அதனால் கேமும் வரவில்லை. விட்சர் 2-க்கு 2014-இல் லினக்ஸ் பதிப்பு வந்தது. அது ஓடிய லட்சணத்தில் ஆட்கள் கொதித்துப்போனார்கள். விட்சர் 3-க்கு லினக்ஸ் பதிப்பு வரவே இல்லை. ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தொட்டதே 2025 கடைசியில்தான். நூற்றில் மூன்று பேருக்காக ஒரு தனிப் பதிப்பு, ஒவ்வொரு லினக்ஸிலும் சோதனை, வருகிற புகாருக்கெல்லாம் பதில் என்றால் எந்த முதலாளியும் கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் வந்ததும் இந்தக் கணக்கே மாறிப்போனது. கம்பெனி விண்டோஸ் பதிப்பை மட்டும் கொடுத்தால் போதும். கேம் விண்டோஸின் வரையும் முறையான டைரக்ட்எக்ஸில் கேட்பதை டிஎக்ஸ்விகே என்ற அடுக்கு அங்கேயே வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கும். டைரக்ட்எக்ஸ் 12 என்றால் விகேடி3டி அந்த வேலையைப் பார்க்கும். உங்கள் விட்சர் 3-ஐ ஓட்டப்போவதும் இதுதான். 2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்கக் கேம் மெஷினான ஸ்டீம் டெக் வந்தது. அது உள்ளே ஆர்ச் லினக்ஸ். அதற்குப் பிறகு கம்பெனிகளே தங்கள் கேம் டெக்கில் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தொடங்கின. சைபர்பங்கில் டெக்குக்கென்றே ஒரு கிராஃபிக்ஸ் செட்டிங் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 செய்தவர்கள் 2025 செப்டம்பரில் டெக்குக்கு நேரடி லினக்ஸ் பதிப்பே கொடுத்தார்கள். வால்வ் 2025 நவம்பரில் ஸ்டீம் மெஷினை மறுபடி அறிவித்திருக்கிறது. இந்த முறை கையில் கேம் இருக்கிறது.

தனியாக உட்கார்ந்து ஆடுகிற கேம் என்றால் லினக்ஸின் எதிர்காலம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆன்லைன் போட்டி கேம்கள் மாட்டிக்கொள்வது, ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருளில். வாலரண்டின் ஆன்டி-சீட்டான வேன்கார்டு விண்டோஸின் மையமான கர்னலுக்குள் போய் உட்கார்ந்து வேவு பார்க்கிறது. ப்ரோட்டானுக்குள் விண்டோஸ் கர்னலே கிடையாது, அது எங்கே போய் உட்காரும்? ஜிடிஏ விஷயம் வேறு. 2024 செப்டம்பரில் அதற்கு பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட்டைச் சேர்த்தார்கள். பேட்டில்ஐ-யும் ஈஸி ஆன்டி-சீட்டும் 2021-லேயே ப்ரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. கேம் கம்பெனி கேட்டுக்கொண்டால் பேட்டில்ஐ திறந்துவிடும், வேறு வேலை தேவையில்லை என்று வால்வே அறிவித்தது. ஜிடிஏ-யும் பப்ஜியும் திறந்துவிடவில்லை. எல்டன் ரிங் ஈஸி ஆன்டி-சீட்டோடு ஆன்லைனில் ஓடுகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் 31-இல் சீட்டிங்கைக் காரணம் சொல்லி லினக்ஸை அடைத்துவிட்டார்கள். திறந்த கதவை நாளைக்கே மூடலாம் என்பதால், ஆன்லைன் கேமை நம்பி மட்டும் லினக்ஸில் பணம் போடாதீர்கள். கூடலூர் தம்பி, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-வும் டோட்டா 2-வும் வால்வின் சொந்தக் கேம்கள், லினக்ஸுக்கு நேரடிப் பதிப்பே உண்டு. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதியும் ஓடும்.

கடைக்கு வாரம் தவறாமல் நல்ல லேப்டாப்பை எடுத்துக்கொண்டு 'விண்டோஸ் 11 ஏறாதாம், எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாமா' என்று கேட்டு வருகிறார்கள். கீபோர்டு நன்றாக இருக்கும், ஸ்க்ரீன் நன்றாக இருக்கும். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கோத்தகிரி தம்பி செய்திருப்பது சரியான வேலை.

கோத்தகிரி கணக்கர்:

அண்ணா, ஓடுகிறது! நீலத் திரையில் பாஸ்வேர்டு கொடுத்தேன், கேமை மூவ் செய்தேன். நேற்று ராத்திரி மழையில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது, அதனால் இன்று காலையில்தான் பார்க்க முடிந்தது. நடுத்தர செட்டிங்கில் தடங்கல் இல்லாமல் போகிறது. வைட் ஆர்ச்சர்டு கிராமத்தில் புல் அசைவதைக்கூட நின்று பார்த்தேன்.

ஒரு சந்தேகம். திறக்கும்போது 'வல்கன் ஷேடர்' என்று சதவீதம் ஓடி ரொம்ப நேரம் எடுக்கிறது. ஸ்கிப் செய்தால் ஏதாவது கெட்டுப்போகுமா?

கொடைக்கானல் ரிப்பேர் கடை:

கெட்டுப்போகாது. ஷேடர் என்பது கார்டு படம் வரையப் பயன்படுத்தும் குட்டி நிரல், அதை முன்கூட்டியே தயார் செய்கிறது. ஸ்கிப் செய்தால் புதிய இடத்துக்குப் போகும்போது கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும், அவ்வளவுதான். முதல் முறை முழுசாக ஓட விடுங்கள். ஷேடருக்கென்று ஸ்டீம் அடிக்கடி டவுன்லோடும் செய்யும். டேட்டா கட்டுப்படியாகவில்லை என்றால் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் அதை நிறுத்திவைக்கலாம்.

உங்கள் கார்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்விடியா 1050 வகைக்குக் கொடுக்கும் கடைசி டிரைவர் வரிசை 580. டிரைவர் மேனேஜர் 590, அதற்கு மேல் என்று எதையாவது காட்டினால் தொடாதீர்கள்.

குன்னூர் டிசைனர்:

வாங்குவதற்கு முன் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டுப் பாருங்கள், தம்பி. உங்களுடையது போன்ற கார்டு வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு மணி நேரத்தை செட்டிங்ஸ் மாற்றிப் பார்ப்பதிலேயே கழித்துவிடாதீர்கள்.

கோத்தகிரி கணக்கர்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. வேறு மெஷின் யோசனையை விட்டுவிட்டேன். தனியாக ஆடுகிற கேம்களாகவே வாங்கப்போகிறேன். முதலில் 8 ஜிபி ரேமை 16 ஆக்கிவிட்டு மிச்சத்துக்குக் கேம். ஆனால் ஒவ்வொன்றும் 60, 100 ஜிபி இருக்கிறதே, இங்கே எப்படி இறக்குவது? மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டில் ஃபைபர் இருக்கிறது. அங்கே விண்டோஸ் கம்ப்யூட்டர்.

கொடைக்கானல் ரிப்பேர் கடை:

ரேம் நல்ல முடிவு. மாமா வீட்டு விண்டோஸில் உங்கள் ஸ்டீம் கணக்கில் இறக்கலாம், ப்ரோட்டான் ஓட்டுவதும் அதே விண்டோஸ் கோப்புகளைத்தான். லேப்டாப்பையே கொண்டுபோனால் இன்னும் சுலபம். இரண்டிலும் ஸ்டீமைத் திறந்து ஒரே வைஃபையில் போட்டால், ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொன்று நேரடியாக எடுத்துக்கொள்ளும். அந்த வசதி 2023-இலிருந்து இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவருவதானால், 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'காமன்' என்பதில் இருக்கும் கேம் ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். இங்கே லேப்டாப்பில் அதே பெயரில் அதே இடத்தில் வைத்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள். ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து, குறைகிறதை மட்டும் இறக்கும். அந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்தே மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், அதுவும் என்டிஎஃப்எஸ்-ஆகத்தான் இருக்கும்.