பதில்: குயில்டிங் – ‘மெத்தைத் தையல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். துணிகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் ‘குயில்டிங்’குக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘குயில்ட்’ என்ற சொல்லே மெத்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ‘மெத்தைத் தையல்’ என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வேர் சரிதான். ஆனால் ராமநாதபுரத்தில் ஒரு மெத்தைக் கடையில் போய் இதைச் சொன்னால், உறைக்குள் இலவம்பஞ்சை அடைத்து நீள ஊசியால் அங்கங்கே குத்தி முடிச்சுப் போடுவதைத்தான் காட்டுவார்கள். நமக்கு வேண்டியது வேறு. மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நகராதபடி மெஷினில் வரிவரியாகத் தைப்பது. மண்டபம் பக்கம் பழைய சேலையில் போர்வை தைக்கப் பழகும் பெண்களுக்கான குறிப்பேட்டில் இந்தச் சொல் போக வேண்டும்.

> ‘ஒட்டுத் தையல்’ எளிமையாக இருக்கிறதே.

லாத்தா, அச்சில் ஒரு சுழி கூடினால் அது ஓட்டுத் தையல் ஆகிவிடும். அது ஏற்கெனவே வேறொரு தையலின் பெயர். அதுகூடப் பரவாயில்லை. துண்டுத் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைக்கும் வேலைக்கு நம்மிடம் ‘மூட்டுதல்’ இருக்கிறது. “சாரத்தை (கைலியை) மூட்டிக் குடுங்க” என்று கீழக்கரைக் கடைத்தெருவில் நீங்களே சொல்லியிருப்பீர்கள். துண்டுகளை மூட்டுவது முதல் வேலை. மூட்டிய துணியைப் பஞ்சோடும் அடித்துணியோடும் சேர்த்துப் பிடிப்பது அடுத்த வேலை. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டையும்தான் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் என் வாக்கு ‘அடுக்குத் தையல்’. ‘நேர்கோட்டு அடுக்குத் தையல்’ என்று முழுசாகத் தலைப்பில் மட்டும் போட்டால் போதும்.

‘கந்தை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான், அழகான சொல்லும்கூட. ஆனால் புதுப் போர்வையைக் கந்தை என்று சொல்லி விற்க முடியாது. அது பழமொழியிலேயே இருக்கட்டும்.

இனி ‘வாக்கிங் ஃபுட்’, அதாவது அடுக்குகளைத் தைக்க மெஷினில் மாட்டும் தனிப் பாதம். ‘நடைபாதம்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு நடைபாதை என்றே தெரியும். நடப்பதைச் சொல்வதைவிட அது செய்யும் வேலையைச் சொல்வது நல்லது. சாதாரண மெஷினில் ஊசிக்கு அடியில் இருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும். மேல்துணியைப் பாதம் அமுக்கிப் பிடிப்பதால் அது கொஞ்சம் பின்தங்கும். இரண்டு துணியில் இது பெரிதாகத் தெரியாது. நடுவில் பஞ்சு இருந்தால், கோடு முடியும் இடத்தில் மேல்துணி குவிந்து சுருக்கம் விழும். இந்தப் பாதத்தில் மேலேயும் ஒரு பல் உண்டு. பாதத்தின் பக்கவாட்டுக் கை ஊசித் திருகின்மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லோடு சேர்ந்து துணியைத் தள்ளும். ஆகவே ‘மேற்பல் பாதம்’. பல் டாக்டர் ஞாபகம் வந்தால் வரட்டும், தையல்காரர்கள் பல் என்றுதானே சொல்கிறார்கள்.

மேற்பல் பாதம் இருந்தாலும் நடுக்கோட்டை முதலில் தைத்துவிட்டு, அடுத்தடுத்த கோடுகளை வெளிப்பக்கமாகத்தான் தைத்துப் போக வேண்டும். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான ‘சித்தி’ இனப் பெண்கள் தைக்கும் கவாந்தி என்ற போர்வை இதற்கு நேர்மாறு; வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றிச் சுற்றி வருவார்கள். கையால் தைக்கும்போது துணியைத் தள்ள யாரும் இல்லை, அதனால் அது சரிப்படுகிறது. மெஷினில் அப்படிச் செய்தால் துணியெல்லாம் நடுவில் புடைத்து நிற்கும். இன்னொன்று, எந்தக் கோடானாலும் ஊசியைப் போர்வையின் ஒரே ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒன்று போகவும் அடுத்தது வரவுமாகத் தைத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் துணி கோணிக்கொள்ளும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், ஊசி 14-ஆம் நம்பர். இதற்கெல்லாம் கலைச்சொல் வேண்டாம்.

அடுக்குகள் நகராமல் முதலில் பிடித்து வைப்பதற்கு ‘ஊக்கு குத்துதல்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது சரி. பாம்பனிலும் மண்டபத்திலும் உப்புக்காற்றில் ஊக்கு சீக்கிரமே துருப்பிடித்துத் துணியில் கறை விடும். வேலை பாதியில் நின்று போர்வையைச் சுருட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம். இங்கே பெரிய தையலாக நூல் ஓட்டி வைப்பதுதான் பாதுகாப்பு. ‘நூலோட்டம்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டு, ஊக்கை அதில் ஒரு வகையாகச் சொல்லலாமா?

அப்புறம், மூட்டின் பள்ளத்திலேயே ஊசி ஓடும்படி, மேலே நூல் தெரியாமல் தைப்பார்களே, அதற்கு இதுவரை இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன: ‘வாய்க்கால் தையல்’, ‘மூட்டுவரித் தையல்’. எனக்குப் பின்னது பிடித்திருக்கிறது. ஆனால் வாய்க்கால் என்றதும் பெண்களுக்கு உடனே புரிந்தது என்று திருப்புல்லாணி அக்கா எழுதியிருக்கிறார். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள், குறிப்பேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து